சும்மா உட்கார விடாத கல்யாணம்

தாய்லாந்தில் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால், அது வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மொய்ப் பணத்தை வைத்துத் திருப்பிக் கொடுப்பது அந்த உறையில்தான். உறையின் மேல் உங்கள் பெயரை அவர்களே எழுதியிருப்பார்கள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் பெட்டியைத் திறக்கும்போது யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரிந்துவிடும். நாளைக்கு உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டுமே. மண்டப வாசலில் வரவேற்பு மேஜை இருக்கும், அதன்மேல் ஒரு பெட்டி இருக்கும், பெரும்பாலும் இதய வடிவத்தில். உறையை அதில் போட்டால் பதிலுக்கு ஒரு சின்ன நினைவுப் பொருள் தருவார்கள். எத்தனை வைப்பது என்று என் அலுவலகத் தோழிகளிடம் கேட்டபோது எல்லோரும் கூச்சப்படாமல் பதில் சொன்னார்கள்: கிராமம் என்றால் 500 பாட் போதும், பாங்காக் ஹோட்டல் என்றால் 1000க்குக் குறையாமல், புருஷனோடு போனால் இரண்டு பேர் சாப்பாட்டையும் கணக்குப் பண்ணிக்கொள். பரிசுப் பொருள் வாங்கிச் செல்ல வேண்டாம். மிக்ஸி, சுவர்க்கடிகாரம் எல்லாம் தூக்கிக்கொண்டு போனால் அதை எங்கே வைப்பது என்று அவர்கள்தான் திண்டாடுவார்கள்.

பாங்காக்கில் வேலை பார்த்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஹோட்டல் கல்யாணங்களுக்கும் போயிருக்கிறோம், வடகிழக்கே ஈசான் பகுதியில் ரோய் எட் மாகாணத்துக் கிராமக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறோம். இரண்டும் ஒரே நாட்டுக் கல்யாணம் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் இரண்டிலும் ஒன்று பொது. விருந்தாளியைப் பார்வையாளராக உட்காரவிட மாட்டார்கள். தட்டைத் தூக்கு, சங்கிலியைப் பிடி, தண்ணீர் ஊற்று, நூல் கட்டு என்று எதையாவது கையில் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் இன்னும் ஆசையாகக் கூப்பிடுவார்கள். ஆகவே போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது எந்த வேலை எப்போது வரும், எப்போது எழலாம், எவ்வளவு தாழ உட்கார வேண்டும் என்பவைதான். மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் உடுப்பு. கறுப்பு வேண்டாம். அது துக்க நிறம். மன்னர் பூமிபோல் 2016 அக்டோபர் 13 அன்று இறந்தபோது கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்து, மக்கள் இருந்த சட்டைகளைச் சாயம் முக்கிக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். ராஜமாதா சிரிகிட் 2025 அக்டோபர் 24 அன்று காலமானபோது மறுபடி தெருவெல்லாம் கறுப்பு. அந்த நிறத்தைக் கல்யாண வீட்டில் ஒரு பாட்டி பார்த்தால் முகம் மாறத்தான் செய்யும். பாங்காக்கில் இளவட்டங்கள் கறுப்பு கவுன் போட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெண்கள், அவர்களுக்குச் செல்லும். வெள்ளையையும் பெண்ணுக்கு விட்டுவிடுங்கள். வெளிர் ரோஜா, இளம்பச்சை, தங்க நிறம் இவையெல்லாம் நல்லவை. சில பத்திரிகைகளிலேயே என்ன நிறத்தில் வர வேண்டும் என்று போட்டிருப்பார்கள்.

பட்டுப் புடவை கட்டிப் போகலாமா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. பட்டைத் தொட்டுப் பார்த்து நெசவைக் கேட்கிற நாடு அது, ஈசானில் வீட்டுக்கு வீடு தறி இருந்த ஊர்கள் உண்டு. ஆனால் சில கல்யாணங்களில் பெண்ணின் தோழிகள் எல்லோரும் பாரம்பரிய உடுப்பான ‘சுட் தாய்’ அணிய வேண்டும் என்று முடிவு செய்து, உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். வாடகைக்குக் கிடைக்கும். இன்று நாம் பார்க்கிற வடிவங்களில் பல 1960 வாக்கில், மேலைநாட்டுப் பயணத்துக்காக அப்போதைய ராணி சிரிகிட் அறிஞர்களையும் தையல் கலைஞர்களையும் கொண்டு உருவாக்கிய எட்டு வகைகளிலிருந்து வந்தவை. கல்யாணப் பெண் அதிகம் அணிவது ‘சக்ரி’, ‘சக்ரபட்’, ‘சிவாலய்’. ஒரு தோளில் சால்வை, இடுப்பில் தங்க நிறப் பட்டை, முன்கொசுவம் வைத்த நீளப் பாவாடை. மாப்பிள்ளையின் கழுத்து மூடிய வெள்ளை அங்கிக்கு ‘ராஜ பட்டேன்’ என்று பெயர். ஐந்தாம் ராமா என்கிற சூலலொங்கோன் மன்னர் 1872 வாக்கில் இந்தியா வந்தபோது கல்கத்தாவில் தைக்கக் கொடுத்ததுதான் அதன் தொடக்கம். எதை உடுத்தினாலும் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், காலையில் பிக்குகள் வருவார்கள். காலணி எளிதில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஆண்கள் முதல் நாள் இரவே பார்த்துவிடுவது நல்லது.

காலை என்றால் உண்மையான காலை. கிராமத்தில் ஏழு மணிக்கெல்லாம் பிக்குகள் வந்து வரிசையாக அமர்ந்துவிட்டார்கள், ஒன்பது பேர். புத்தர் சிலையிலிருந்து ஒரு வெள்ளை நூல் புறப்பட்டு ஒவ்வொருவர் கையாகக் கடந்து போகிறது. அவர்கள் பாலியில் ஓதுகிறார்கள். நாம் தரையில், இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து, கைகூப்பி உட்கார வேண்டும். ‘பப் பியப்’ என்பார்கள். சம்மணம் போட்டு வளர்ந்த நமக்குத் தரையில் உட்காருவது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் இடுப்பு வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. கால் மரத்தால் மெதுவாக மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம், நீட்டக் கூடாது, பாதம் பிக்குகளையோ புத்தரையோ பார்க்கக் கூடாது. வயதானவர்களுக்கு ஓரத்தில் நாற்காலி இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் அதைக் கேட்டு வாங்கலாம், ஒருவரும் தப்பாக நினைப்பதில்லை.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்குவைத் தொடக் கூடாது, பொருளை நேரே கையில் கொடுக்கவும் கூடாது. அவர் ஒரு துணியை முன்னால் விரிப்பார், அதன்மேல் வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். பிச்சைப் பாத்திரத்தில் சோறு இடுவது மணமக்களின் வேலை. இருவரும் ஒரே அகப்பையைச் சேர்ந்து பிடிக்க வேண்டும். யார் கை மேலே இருக்கிறதோ அவர் சொல்தான் வீட்டில் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆகவே பயபக்தியோடு ஓதல் நடந்துகொண்டிருக்கும்போதே அகப்பையின் காம்பில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாண்டி ஏறிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். எங்கள் தோழியின் கல்யாணத்தில் பெண்தான் ஜெயித்தாள். பிக்குகள் நண்பகலுக்குள் உண்டு முடிக்க வேண்டும் என்பதால் முதல் பந்தி அவர்களுக்கு. அவர்கள் உண்டு, ஆசி ஓதி, தீர்த்தம் தெளித்துப் புறப்பட்ட பிறகுதான் நமக்குச் சாப்பாடு. புறப்படும் முன் விடுதியிலேயே இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பிக்குகள் கல்யாணம் செய்து வைக்க வருவதில்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. அவர்களுக்கு உணவிட்டு மணமக்கள் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கல்யாணச் சடங்கு என்று நாம் நினைப்பது அதற்குப் பிறகு, பிக்குகள் இல்லாமல் நடப்பது.

அதில் அதிக கூத்து ‘கன் மாக்’ ஊர்வலத்தில். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டும் சீர்த்தட்டுகளும் ஏந்திப் பெண் வீட்டுக்கு வருவது. கொஞ்ச தூரத்தில், யாராவது பக்கத்து வீட்டு வாசலில், எல்லோரும் கூடி நிற்பார்கள். முன்னால் வாழைக்கன்றும் கரும்பும். பிற்பாடு அவற்றைப் புதுத் தம்பதி நட்டு வளர்க்க வேண்டும். பின்னால் வெற்றிலை பாக்கு, பணம், தங்கம், பழம், பலகாரம். நீள மத்தளம் ‘க்லோங் யாவ்’ முழங்க, ஒருவர் ‘ஹோ...’ என்று இழுத்துக் கூவ, கூட்டம் ‘ஹியூ!’ என்று பதில் கொடுக்கும். என் வீட்டுக்காரர் கையில் ஒரு வாழைக்கன்றைத் திணித்துவிட்டார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். வேர்மண்ணோடு வாழைக்கன்றை வைத்துக்கொண்டு ஆடுவது எப்படி என்பதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. முன்னால் போகிற அத்தை என்ன செய்கிறாரோ அதையே செய்வது உத்தமம். இங்கே கூச்சப்பட்டு ஓரமாக நடந்தால்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

பெண் வீட்டு வாசலில் ஊர்வலம் நிற்கும். தங்கச் சங்கிலியோ, இடுப்புப் பட்டையோ, பட்டுத் துணியோ குறுக்கே பிடித்து இரண்டிரண்டு பேர் வழிமறிப்பார்கள். வெள்ளி வாசல், தங்க வாசல் என்று பெயர். ஒவ்வொரு வாசலிலும் மாப்பிள்ளை உறை கொடுத்துத்தான் தாண்ட வேண்டும். கொடுப்பதற்கு முன் ‘உரக்கச் சொல், யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாய்?’, ‘பத்து தண்டால் எடு’ என்று படுத்துவார்கள். பெண்ணின் தோழி என்ற முறையில் என்னை ஒரு சங்கிலியின் முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்பதால் மாப்பிள்ளையின் நண்பர்கள் உங்கள் பக்கம்தான் சீக்கிரம் இளகும் என்று கணக்குப் போட்டுச் சிரித்துப் பேசி வருவார்கள். விட்டுக்கொடுக்கக் கூடாது, பக்கத்தில் பிடித்திருக்கும் பெண் தலையசைக்கும் வரை சங்கிலியைத் தாழ்த்த வேண்டாம். கிடைக்கும் உறை உங்களுக்கே உரியது. அதைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். உள்ளே 20 பாட்டோ 100 பாட்டோ இருக்கும். கடைசி வாசலில் சங்கிலி பிடிப்பவர்களுக்கு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அந்த இடத்துக்குப் பெண்ணின் சொந்தச் சகோதரிகளிடையே போட்டியே நடந்தது.

ஈசானில் இன்னொன்றும் உண்டு. வீட்டுப் படியருகே ஒரு கல், அதன்மேல் வாழையிலை. மாப்பிள்ளை அதில் ஏறி நிற்க, பெண் வீட்டில் இளையவர் ஒருவர் அவர் காலைக் கழுவுகிறார். அதன் பிறகே உள்ளே போகலாம்.

உள்ளே நடப்பதுதான் வெளிநாட்டவர் பலருக்குத் தொண்டையில் சிக்கும் இடம். ‘சின் சோட்’ என்கிற பெண் பணம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குத் தருவது. அதை உறையில் போட்டுக் கொடுத்துவிட மாட்டார்கள். துணி விரித்து, கட்டுக்கட்டாக நோட்டை விசிறி போல அடுக்கி, பக்கத்தில் தங்கச் சங்கிலிகளை வைத்து, இரண்டு பக்கப் பெரியவர்களும் எல்லோர் முன்னாலும் எண்ணுவார்கள். பிறகு அதன்மேல் அரிசி, எள், பயறு, பூ இவற்றைத் தூவுவார்கள், பணம் விளைந்து பெருகட்டும் என்று. முடிந்ததும் பெண்ணின் தாய் துணியோடு மூட்டையாகக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, ‘அம்மாடி, என்ன கனம்!’ என்று இடுப்பை வளைத்துத் தள்ளாடி நடப்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். எங்கள் மேஜையில் இருந்த ஓர் ஐரோப்பியர் இதைப் பார்த்து ‘பெண்ணை விற்கிறார்களா?’ என்று முணுமுணுத்தார். வரதட்சணையை 1961லேயே சட்டம் போட்டுத் தடுத்தும் இன்னும் எதிர்த்திசையில் வாங்கிக்கொண்டிருக்கும் நாட்டிலிருந்து போன எனக்கு அவ்வளவு வேகமாகத் தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை. மகளை வளர்த்த வீட்டுக்குப் பணம் வருவதில் ஒரு நியாயம் தெரிந்தது. அதே சமயம், அந்தத் தொகைக்காகப் பையன்கள் ஆண்டுக்கணக்கில் கடன்படுவதையும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பல பெற்றோர் பிற்பாடு முழுவதையோ பாதியையோ தம்பதியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சபையில் வைப்பதற்காக மட்டும் இரவல் வாங்கி வருவதும் நடக்கிறது. விருந்தாளிக்கு இதில் ஒரே விதிதான்: எவ்வளவு என்று கேட்காதீர்கள். அவர்களே அறிவிப்பார்கள், அல்லது பக்கத்து நாற்காலி அத்தை சொல்லிவிடுவார். தூவுவதற்கு அழைத்தால் போய் ஒரு பிடி தூவிவிட்டு வாருங்கள்.

தங்கத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே தங்கத்தின் எடையும் பாட்தான். ஒரு பாட் நகை ஏறக்குறைய 15.2 கிராம், அதாவது நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. சுத்தம் 96.5 சதவீதம். நம்மூர் 22 காரட்டைவிட நிறம் தூக்கலாக, மஞ்சளாக இருக்கும். ‘ஐந்து பாட் போட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் அது ஐந்து ரூபாய்ச் சமாசாரமில்லை.

பிறகு தண்ணீர். பாங்காக் கல்யாணங்களில் இதுவே உச்சம். மணமக்கள் தாழ்ந்த மேடையில் அருகருகே மண்டியிட்டு, முன்னால் உள்ள திண்டில் முழங்கையை ஊன்றிக் கைகூப்பியிருப்பார்கள். இருவர் தலையிலும் வெள்ளை நூலாலான வளையம், இரண்டையும் ஒரே நூல் இணைத்திருக்கும். நெற்றியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். கைகளுக்குக் கீழே பூ அலங்கரித்த கிண்ணம். விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் போய் வலம்புரிச் சங்கிலிருந்து அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றி வாழ்த்த வேண்டும். சங்கை நிரப்பித் தர ஒருவர் பக்கத்தில் நிற்பார். அவர் தந்ததும் இரண்டு கையாலும் பிடித்து, விரல்களின் மேல் மெல்லிய தாரையாக, கொஞ்சமே ஊற்றினால் போதும். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், பெண்ணுக்கு முழங்கை வரை ஈரம். தலையில் ஊற்றிவிடாதீர்கள். முன்னே செல்வது வயதில் மூத்தவர்கள். மணமக்களைவிட மூத்தவர்கள் ஊற்றுவதே பழைய முறை, இப்போது நண்பர்களும் ஊற்றுகிறார்கள். வெளிநாட்டு விருந்தாளி என்று உங்களை மரியாதைக்காக முன்னால் அனுப்பினால் ஒருமுறை தயங்கிவிட்டு, இரண்டாம் முறை சொன்னால் போய்விடுங்கள். அதிகம் மறுத்தால் அழைத்தவருக்குச் சங்கடம். வாழ்த்தை எந்த மொழியிலும் சொல்லலாம். ‘யின்டீ டுவாய்’ என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். நான் தமிழில் ‘ரெண்டு பேரும் நல்லா இருங்க’ என்றேன், பெண் நிமிர்ந்து பார்த்துக் ‘காப் குன் கா, பீ’ (நன்றி அக்கா) என்றாள், புரிந்த மாதிரியே.

சங்கு, வெற்றிலை பாக்கு, வாழை, கரும்பு, நூல் எல்லாவற்றையும் பார்க்கும் தமிழ்க் கண்ணுக்கு ‘இது நம்மது’ என்று தோன்றாமல் இராது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உறவு உண்மையானதுதான். பாங்காக்கில் ராட்சத ஊஞ்சல் கம்பங்களுக்கு அருகே 1784ல் எழுந்த ‘தேவஸ்தான்’ கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் இருக்கிறார்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ‘த்ரியம்பவாய் - த்ரிபவாய்’ திருவிழாவின் பெயரே திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்தது. சங்கு நீர் ஊற்றுவதும் பிராமண வழிச் சடங்கு என்றே தாய்லாந்துக்காரர்களும் சொல்கிறார்கள். ஆனால் வெற்றிலை போடும் பழக்கமும் வாழையும் தென்கிழக்கு ஆசியாவுக்கு நாம் கற்றுக்கொடுத்தவை அல்ல, அவை அந்த மண்ணுக்கே சொந்தமானவை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ‘இதெல்லாம் எங்க ஊரிலிருந்து வந்தது’ என்று பெரியவர்களுக்குப் பாடம் எடுத்த ஒரு நம்மூர்க்காரரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் புன்னகைத்துக்கொண்டே அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி மீன் போட்டார்கள்.

தாலி இல்லை, தீ இல்லை. எந்த நொடியில் கல்யாணம் ஆகிறது என்று கேமராவோடு காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். அப்படி ஒரு நொடி கிடையாது. பெரியவர்கள், உற்றார், விருந்தினர் என்று ஒவ்வொருவர் கையும் பட்டுப் பட்டு ஆகிற கல்யாணம் அது. சட்டப்படி ஆவது வேறோர் இடத்தில், மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யும்போது. 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் அங்கே பதிந்துகொள்ளலாம். தென்கிழக்கு ஆசியாவில் இதற்குச் சட்டம் செய்த முதல் நாடு தாய்லாந்துதான். சில ஜோடிகள் சடங்கு முடிந்து பல மாதம் கழித்தே பதிகிறார்கள், அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

ஈசானில் சங்கு நீருக்குப் பதிலாக நூல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாழையிலையை மடித்து மடித்துக் கோபுரமாக்கி, பூச் சொருகி, வெள்ளை நூல்களைத் தொங்கவிட்ட ‘பாய் சி’ நடுவில். ‘மோ ப்ராம்’ என்கிற பெரியவர் ஒருவர், புரோகிதர் மாதிரி, இசையாக நீட்டி ஓதி, உடம்பை விட்டு அலைந்து திரியும் ‘க்வன்’ என்கிற உயிராற்றல்களைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு மனிதருக்கு 32 க்வன்கள். பயந்தால், நோயில் விழுந்தால், வாழ்க்கையில் ஒரு கட்டம் மாறினால் அவை விலகிப் போய்விடும், அழைத்து மணிக்கட்டில் கட்டிவைக்க வேண்டும். ஓதி முடிந்ததும் எல்லோரும் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து மணமக்களிடம் போவார்கள். நூலை எடுத்து முதலில் மணிக்கட்டில் வெளிப்பக்கமாகத் தடவ வேண்டும், கெட்டது போக. பிறகு உட்பக்கமாக, நல்லது வர. அதன் பின் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். நோட்டை மடித்து நூலோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு, 20 பாட், 100 பாட். அதற்காகச் சில்லறை நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பெரிய நோட்டு மட்டும் இருந்தால் தவிப்பாகிவிடும். நீங்கள் கட்டும்போது பின்னால் இருப்பவர் உங்கள் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருப்பார், அவரை இன்னொருவர் தொடுவார், அப்படியே கடைசி வரிசை வரை. திடீரென்று யாரோ தோளில் கைவைக்கிறார்களே என்று திரும்ப வேண்டாம்.

மணமக்களோடு இது நிற்காது. ஊர்க் கிழவிகள் உங்கள் கையையும் பிடித்துக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கட்டப்படும் கையை உள்ளங்கை மேலாக நீட்டி, மறு கையைக் கூப்பும் பாவனையில் நெஞ்சருகே வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை எங்கள் இருவர் மணிக்கட்டிலும் வளையல் கனத்துக்கு நூல். குறைந்தது மூன்று நாள் கழற்றக் கூடாது, கழற்றும்போதும் கத்தரிக்கோல் போடாமல் முடிச்சவிழ்க்க வேண்டும் என்று ஒரு யாய் கண்டிப்பாகச் சொன்னார். அங்கே அம்மா வழிப் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள், ஊர்ப் பாட்டிகள் எல்லோருமே யாய்தான். வயதை ஊகித்து மூத்தவரை ‘பீ’, இளையவரை ‘நோங்’, இன்னும் மூத்த பெண்களை ‘பா’, ஆண்களை ‘லுங்’ என்று கூப்பிட்டால் பெயர் தெரியாமலே நாள் முழுக்க ஓட்டிவிடலாம். கும்பிடுவதில் இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்து நாம் முந்திக்கொண்டு கும்பிட்டால் அதன் அம்மா பதறிப் போவாள்.

படுக்கை விரிப்பதற்கு வெளியாரை அழைப்பது அபூர்வம். நீண்ட காலம் சண்டையின்றி வாழ்ந்த முதிய தம்பதியர் வந்து புதுப் படுக்கையை விரித்து, முதலில் தாங்களே சற்றுப் படுத்து எழுகிறார்கள். மெத்தைமேல் பூசணி, மருந்து அரைக்கும் கல், அரிசி, எள், பிறகு ஒரு பூனை. பூசணி போலக் குளிர்ச்சி, கல் போல உறுதி, பூனை போல வீடு தங்கும் குணம். நாங்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்த வீட்டில் பூனை துணிப் பொம்மையாக இருந்தது. உயிர்ப் பூனையை யார் பிடித்து வைப்பது என்றார்கள்.

இனி சாப்பாடு. சைவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்கவும். ‘மங்சவிரட்’ என்று சொன்னால் இறைச்சி வராது, ஆனால் முட்டையும் மீன் சாஸும் வந்துவிடக்கூடும். ‘கின் ஜே’ என்று சொன்னால் சீன பௌத்த விரத முறைப்படி அவையும் கிடையாது, கூடவே வெங்காயம் பூண்டும் போய்விடும். எதைச் சொன்னாலும் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான். ஈசான் பந்தியில் கொத்திறைச்சி லாப், பப்பாளிக்காய் சொம்தம், வறுத்த மீன், மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. ஒட்டரிசியைக் கையால்தான் உருட்டித் தொட்டு உண்பார்கள், அதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதற்கெல்லாம் கரண்டியும் முள்கரண்டியும், முள்கரண்டி தள்ளுவதற்கு மட்டும். பலகாரத் தட்டில் மஞ்சளாக மின்னுபவை எல்லாம் முட்டைக்கரு: தோங் யிப், தோங் யோட், நூல் நூலாக ஃபோய் தோங். பதினேழாம் நூற்றாண்டில் நாராய் மன்னர் காலத்து அயுத்தயாவில் போர்த்துக்கீசிய வம்சத்துப் பெண் மரியா கியோமார் பரப்பியவை என்பார்கள். ஃபோய் தோங் இழையைக் கத்தியால் வெட்டக் கூடாது, உறவு நீண்டிருக்க வேண்டுமாம். சைவர்கள் தேங்காய்ப் பால் இனிப்புகளைத் தேடிக்கொள்ளலாம்.

பாங்காக்கில் மாலை ஹோட்டல் விருந்து பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூச்சுவர் முன் மணமக்களோடு படம், வட்ட மேஜையில் சீன விருந்து, திரையில் சிறு வயதுப் புகைப்படங்கள், ஒரு பெரிய மனிதரின் நீளமான உரை, பிறகு கோப்பை உயர்த்தி மூன்று முறை ‘சை யோ!’. அந்த ‘சை யோ’வுக்கு எல்லோரும் எழ வேண்டும். குடிக்காதவர்கள் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினால் போதும். சீன வம்சாவளிக் குடும்பம் என்றால் காலையில் பெரியவர்களுக்குத் தேநீர் பரிமாறும் சடங்கும் உண்டு, அதில் நமக்கு வேலையில்லை. சாப்பிட்டு, கேக் வெட்டியதும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும், நாமும் கிளம்பலாம்.

கிராமத்தில் அப்படி நழுவ முடியாது. லாரியில் மேடை வந்திறங்கும், மோ லாம் பாட்டுக்காரர்கள் வருவார்கள், ஒலிபெருக்கிகள் மனிதர் உயரம். பீரில் ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றால் கோப்பையைக் கவிழ்க்காமல் நிரம்பியபடியே வைத்திருப்பதுதான் வழி, காலியானால் நிரப்பிவிடுவார்கள். நடுவில் வந்து ஆடக் கூப்பிட்டால் இரண்டு பாட்டுக்கு ஆடிவிட்டு வந்து உட்காருங்கள். காலையில் வாழைக்கன்றோடு ஆடியவர் என்று என் வீட்டுக்காரரை மட்டும் நான்கு பாட்டு வரை விடவில்லை.

பத்திரிகைகள் எந்தக் காலத்தில் வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜூலை வாக்கில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிகிற மூன்று மாத பௌத்த மழைக்கால விரதத்தில் பழைய மனிதர்கள் கல்யாணம் வைப்பதில்லை, சந்திர மாதங்களில் இரட்டைப்படை மாதங்களை விரும்புகிறார்கள். குளிர்காலத்தில் ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று உறைகள் வந்து சேரும். கிராமக் கல்யாணம் என்றால் போகவர இரவுப் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

விடைபெறும்போது பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னும் கொஞ்சம் குனிந்து கும்பிட்டுவிட்டு வர வேண்டும், அதற்கே அரை மணி நேரம் ஆகும். அதற்குள் யாரோ சமையற்கட்டுக்குப் போய், பாலிதீன் பைகளில் குழம்பும் சொம்தமும் ஒட்டரிசியும் நிரப்பி, ரப்பர் வளையம் போட்டு முறுக்கி, உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். புளித்த மீனான ‘ப்ளா ரா’ அதில் இருக்கும், பை கசிந்தால் பேருந்து முழுக்க மணக்கும். பக்கத்து இருக்கைக்காரர் ஈசான்காரர் என்றால் பிரச்சினையில்லை, எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டுவிட்டு ஒரு வாய் எடுத்துக்கொள்வார்.